பொட்டு வைத்த பெட்டி

கண்ணை மூடச் சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான், வசந்தாமணியை அல்ல. அவளுடைய வேலையே கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான். ஆனாலும் மணி அடித்து, அத்தனை ஆயிரம் பேரும் ஒரே மூச்சாக ம்ம் என்று இழுத்த ஓசை பக்கத்துச் சுவரைத் தாண்டி வந்து அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலைத் தொட்டபோது, கண் அதுபாட்டுக்கு மூடிக்கொண்டது. மூடியதும் சுகமாகத்தான் இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. காலமெல்லாம் காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, சோதனை செய்ய வந்த இடத்தில் சாமியாடி மாதிரி கண்ணைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். சீ என்று தன்னையே வைதுகொண்டு திறந்தாள். எவ்வளவு நேரம் மூடியிருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேஜைமேல் பெட்டி அப்படியே இருந்தது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. யார் பேச்சையும் கேட்காமல் ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று என்று காசு சுண்டிப் போடுகிற மாதிரி எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒன்று விழுந்தால் திரையில் இருக்கும் கோடு ஒரு மயிரிழை ஏறும், பூஜ்யம் விழுந்தால் ஒரு மயிரிழை இறங்கும். சும்மா விட்டால் கட்டுத்தறி மாடு மாதிரி நடுவையே சுற்றிச் சுற்றி வரும். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, அவளே போட்டது. கூடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கோடு மேலே ஏற வேண்டும் என்று ஒரே மனசாக நினைக்க வேண்டும், மேல் சிவப்பை அது தாண்டிவிட்டால் மனசுக்குச் சக்தி உண்டு, தாண்டாவிட்டால் வழக்கம்போல வீட்டுக்குப் போகலாம். உடுமலைக்கு வெளியே, காற்றாலைகள் சுற்றும் மேட்டுக்காட்டில் இருக்கிற இந்த ஒருமனக் குடிலில் இன்றைக்கு நடப்பது இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று குடிலில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம். அவளுக்கு இவ்வளவு மட்டும் இல்லை.

சமவாய்ப்பு எண்கள் என்பது பாடப்புத்தகத்தில் இதற்கு இருக்கிற பெயர். எந்த எண்ணுக்கும் தனிச் சலுகை கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. முதன்முதலில் அதைக் கேட்டபோது அவர், வேலைவாய்ப்பு ஆபீஸ் மாதிரியா அம்மிணி, பதிஞ்சு வெச்சுட்டு வருசக்கணக்காக் காத்துக் கெடக்கோணுமா என்று கேட்டார். அவர் என்றால் நாச்சிமுத்து, அவளுடைய வீட்டுக்காரர், இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட முடியாதவர்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். எதையும் மோட்டாரில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பேசினால்தான் அவருக்குப் பேசிய மாதிரி இருக்கும். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, திறந்து மாற்றியாக வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட, பஸ்ஸில் வரும்போது, மோட்டாரு புட்வால்வுன்னா நானே கெணத்துல எறங்கி மாத்திருவன், இதுல எறங்கறவன் எவனோ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது, அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படுக்கப் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு தை போகட்டும் என்றார், மாரியம்மன் நோன்பு முடியட்டும் என்றார், பிறகு யாரோ சொல்லி இந்தக் குடிலுக்கு வர ஆரம்பித்தார். வந்ததிலிருந்து மூச்சு வாங்குவது நெம்பக் குறைஞ்சிருக்குது அம்மிணி என்று ஒரே பாட்டு. குறைந்திருக்கிறதாம். கடைவீதியில் நடக்கும்போது பத்தடிக்கு ஒரு தரம் நின்று சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார், மூச்சு நிதானத்துக்கு வருகிற வரைக்கும். நின்று இளைப்பாறுகிறேன் என்று சொல்ல ஆம்பளைக்கு வெட்கம். அவளும் பக்கத்தில் நின்று படிப்பாள், தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். இந்த ஒரு வருஷத்தில் உடுமலையில் இறந்தவர்களை எல்லாம் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயரோடு அவர்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடமாகத் தெரியும். ஒருநாள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்தப் போட்டோவில் அவர் முகம் தெரிந்தது, கடையில் மாட்டியிருக்கும் படத்தில் இருக்கிற அதே மீசை, அதே கோடு போட்ட சட்டை. வாங்க போலாம் என்று கையைப் பிடித்தபோது, இரு அம்மிணி, சம்பந்தி வீட்டுப் பேரு இன்னும் படிக்கல என்றார்.

பந்தயம் மாதிரி அதைச் சொன்னவர் அவர்தான். குடிலில் இந்தச் சோதனைக்கு உதவ முடியுமா என்று அவளைக் கேட்டிருந்தார்கள், முடியாது என்று சொல்ல வாயெடுத்தவளிடம், செய்யேன், உன்ற மிசினே சொல்லட்டும், கோடு ஏறுச்சுன்னா என்ன விட்ரு, ஏறலைன்னா நீ சொல்ற எடத்துல வந்து படுக்கறன் என்றார். அவள் சரி என்றாள். ஒரு மனுஷனுடைய நெஞ்சைக் கொண்டுபோய் ஒன்று பூஜ்யத்தோடு முடிச்சுப் போடலாமா என்று அவளுக்குத் தெரியாதா. எந்த மாணவியாவது இப்படி எழுதியிருந்தால் தாளை அடித்துத் திருப்பிக் கொடுத்திருப்பாள். ஆனால் கோடு ஏறாது. ஏறுவதற்கு வழியே இல்லை, அது அவளுக்கு நிச்சயம், அந்த நிச்சயத்தை நம்பித்தான் சரி என்றாள், குழந்தைக்கு வெல்லத்தில் மாத்திரை வைத்துக் கொடுப்பது மாதிரி. அது தப்பா என்றால் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இதோ, கோடு நடுவைச் சுற்றித்தான் உலாத்துகிறது. கொஞ்சம் ஏறுகிறது, இறங்குகிறது, நல்ல பிள்ளை. ஏறாதே. ஏறாதே சாமி. அவளுக்குத் திடுக்கென்றது. யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். பெட்டியிடமா. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் ஏறு ஏறு என்று நினைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறாதே என்று தவம் செய்தால் சோதனை என்னத்துக்கு ஆகும். மனசுக்குச் சக்தியே கிடையாது என்று சொல்கிறவள் எதற்காக அந்த மனசை அடக்கப் பார்க்கிறாள். வேறு எதையாவது நினை. கரண்ட் பில் கட்டியாயிற்றா. மகளுக்கு ஓசூருக்கு முருங்கைக்காய் கொடுத்துவிட வேண்டும், மரத்தில் முற்றிக்கொண்டு நிற்கிறது. மகளிடம் இன்னும் ஆபரேஷன் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் அழுவாள், அழுதால் அவர் இன்னும் பின்வாங்குவார். மின்விசிறி டக்டக்கென்றது. அடுக்கி வைத்த கோரைப்பாய்களின் வாசனை வந்தது. பெட்டியின் நெற்றியில், நெற்றி என்று எதைச் சொல்வது, அதன் முன்பக்கத்தில் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. காலையில் மயிலாத்தாள் வைத்தது. குடிலுக்கு விளக்குப் போடுவது, பூப் பறிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. புது மிசினுங்க டீச்சர், பொட்டு வெக்காம எப்படிங்க வேலைக்கு உடறது என்று கேட்டாள். பக்கத்தில் குத்துவிளக்கு வைக்கவும் கொண்டுவந்தாள். சூடு பட்டால் இந்தப் பெட்டிக்கு ஆகாது, பூஜ்யத்தைக் குறைத்து ஒன்றையே துப்ப ஆரம்பித்துவிடும் என்று வசந்தாமணி எவ்வளவோ சொல்லி, சரி, பொட்டோடு போகட்டும் என்று சமாதானம் செய்து அனுப்ப வேண்டியதாயிற்று. பொட்டு வைத்ததும் பெட்டிக்கு ஒரு முகம் வந்துவிட்டது. அந்த முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று இதுவரைக்கும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. ஏறாவிட்டால் அவர் வருவார். சொன்ன சொல் மாறாத மனுஷன், சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். தள்ளுவண்டியில் படுக்க வைப்பார்கள், பச்சைத் துணியைப் போர்த்துவார்கள், கையில் கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து அவளிடம் கொடுப்பார்கள். கதவு இரண்டு பக்கமும் ஆடும். உள்ளே போய் நெஞ்சைப் பிளந்து, அந்த நெஞ்சை நிறுத்திவிட்டு, நிறுத்திவிட்டு என்று அந்த டாக்டர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், மோட்டாரை ஆப் செய்வது மாதிரி. திரும்ப ஓடவில்லை என்றால்? நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குச் சிக்கல் வரலாம் மேடம், நீங்க புள்ளியியல் ஆச்சே, உங்களுக்குச் சொல்லணுமா என்று சிரித்தார். சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் எத்தனை தடவை இரண்டு சதவீதம் புறக்கணிக்கத்தக்கது என்று கரும்பலகையில் எழுதியிருப்பாள், சாக்பீஸ் துகள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு. அந்த இரண்டு பேருக்கும் பெயர் இருக்கும், ஒரு மீசை இருக்கும், தூங்கும்போது மூச்சுக்கு அணைவாகத் தலையணையை அடுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கும் என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. இழுத்துக்கொண்டு போனது யார் என்று மகள் கேட்பாள். கேட்க மாட்டாள், ஆனால் பார்ப்பாள். வசந்தாமணியே தன்னைக் கேட்டுக்கொள்வாளே, ராத்திரி எல்லாம், நான்தானே, நான்தானே என்று. வேண்டாம். ஆபரேஷன் இல்லாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இருக்கிறார்களா. டாக்டர் அதற்கும் ஒரு கணக்குச் சொன்னார், அதைக் கேட்டதிலிருந்துதான் அவளுக்குத் தூக்கமே போயிற்று. அந்தக் கணக்கு இதைவிட மோசம், எவ்வளவோ மோசம், ஆனால் அது தானாக நடப்பது. இது அவள் கையால் நடப்பது. சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கோடு மேல் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

தள்ளாடி இறங்கிவிடும் என்று பார்த்தாள். இறங்கவில்லை. படி ஏறுகிற மாதிரி ஏறியது, கொஞ்சம் நின்று, மறுபடியும் ஏறியது. சிவப்பைத் தொட்டது. தாண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்கூட இல்லை, அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெரியாத நிசப்தம், அந்த நிசப்தமே கையை நீட்டிக் கோட்டைத் தூக்குவது மாதிரி இருந்தது. அப்போது அவளுக்குள் எது எழுந்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், சந்தோஷம். அப்பாடா. வெட்ட வேண்டாம். நெஞ்சை நிறுத்த வேண்டாம். வீட்டுக்குப் போய் முருங்கைக்காய் சாம்பார் வைத்து, அவர் தட்டில் சக்கை ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் சொல்லவில்லை, மிஷின் சொன்னது. கண் கலங்கிவிட்டது, மூக்கைக்கூட உறிஞ்சிக்கொண்டாள். மனசுக்குச் சக்தி இருந்துவிட்டுப் போகட்டுமே, அவள் படித்ததெல்லாம் தப்பாகப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம். இன்னும் ஏறு, என் ராசா, ஏறு. உறிஞ்சிய மூக்கில்தான் அது பட்டது. கோரைப்பாய் வாசனைக்கு நடுவில் நல்லெண்ணெய்த் திரி எரிகிற வாசனை.

லேப்டாப் மறைத்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து எட்டிப் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால், ஒட்டினாற்போல, ஒரு சின்ன அகல். செம்பருத்திப் பூ ஒன்று பக்கத்தில். காற்றில் அணையாமல் இருக்க மின்விசிறிக்கு மறைவாக, பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள் மயிலாத்தாள், டீச்சர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் பூனை மாதிரி வந்து. குத்துவிளக்குதானே வேண்டாம் என்றார்கள், அகல் சின்னதுதானே என்று நினைத்திருப்பாள். விளக்கில்லாமல் ஒரு நல்ல காரியம் எப்படி நடக்கும் என்று அவளுக்கு மனசு கேட்டிருக்காது. வசந்தாமணி பெட்டியைத் தொட்டாள். காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அகலை நகர்த்தக் கை போனது, பாதியில் நின்றது. நகர்த்தி இனி என்ன, போன எண்கள் போனதுதான், சோதனை கெட்டுவிட்டது, இன்னொரு நாள் மறுபடியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் அவரிடம் சொல்லியிருப்பது இன்றைக்கு. இன்றைய கோடு. அதைச் சொல்லாமல் விட்டால்? பொய்கூட இல்லை. கோடு ஏறியது நிஜம், திரையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அகலை ஊதி அணைத்து, எண்ணெயைத் துணியில் துடைத்துச் சுவரோரம் வைத்துவிட்டால் முடிந்தது. மயிலாத்தாள்கூட அதைப் பற்றிப் பேச மாட்டாள். அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வருவார், தலையணையை அடுக்கிக்கொண்டு படுப்பார், கடைவீதிக்குப் போவோம், போஸ்டர் படிப்போம். எத்தனை போஸ்டர். படித்துக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது. எந்தச் சுவரில் வந்து நிற்பது. ஒரு பக்கம் அந்த ஆபரேஷன் கதவு, ஒரு பக்கம் போஸ்டர் சுவர், நடுவில் இந்தச் சின்னச் சுடர், ஆடாமல் அசையாமல் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஊதவில்லை. உட்கார்ந்துவிட்டாள். கோடு ஏறிக்கொண்டே போனது. அதை நிறுத்தச் சொல்லி யாரையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை, ஏறச் சொல்லியும் தோன்றவில்லை, மனுஷன் வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

மறுபடியும் மணி அடித்தது. கூடத்தில் பெருமூச்சும், பாய் சுருட்டும் சத்தமும், குழந்தையை அதட்டும் சத்தமும் எழுந்தன. முதலில் ஓடிவந்தவள் மயிலாத்தாள்தான். திரையைப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கோடு சிவப்புக்கு மேலே போயிருப்பது புரிந்தது, பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாருக்கும் சொல்லப் போனவளை வசந்தாமணி கையைப் பிடித்து நிறுத்தி, பின்னால் இருந்த அகலைக் காட்டி, சூட்டில்தான் ஏறியது என்று மெதுவாகச் சொன்னாள். மயிலாத்தாளின் முகம் சுருங்கிப் போனது. தான் செய்தது தப்பா என்று கேட்டாள். தப்பில்லை மயிலு, விளக்கு வைப்பதில் என்ன தப்பு, இன்னொரு நாள் விளக்கில்லாமல் செய்து பார்ப்போம் என்று அவள் தோளைத் தட்டி அனுப்பும்போது வசந்தாமணிக்கே ஆச்சரியமாக இருந்தது, சொல்வது இவ்வளவு சுலபமா. இது சுலபம். அடுத்து வருகிறவருக்குச் சொல்வதுதான்.

அவர் வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடத்திலிருந்து இங்கே வருவதற்குள் வாங்கிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. படிப்பதற்கு இங்கே போஸ்டர் இல்லை, அதனால் நேராகத் திரையைத்தான் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் வர வேண்டிய சிரிப்பு வரவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன மாதிரி நின்றார். ஏறிருச்சா என்று மட்டும் கேட்டார், பக்கத்தில் கிடந்த பாய்க்கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு.

"வெளக்குச் சூட்டுல ஏறிருச்சுங்க மாமா. மயிலு பின்னால அகல் வெச்சுட்டா. இது கணக்குல வராது."

"நெசமாவா?"

"தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மூச்சு விட்டார், இந்தத் தடவை அது நோய் மூச்சு மாதிரி இல்லை. உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேரும் ஏறு ஏறுன்னு நெனச்சாங்க அம்மிணி, நான் ஒருத்தன் மட்டும் ஏறாதே ஏறாதேன்னு உக்காந்திருந்தன் என்றார். குடிலுக்கே துரோகம் செய்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. நீங்கள்தானே, என்று ஆரம்பித்தாள்.

"நானாப் போய்ப் படுக்க எனக்குத் தைரியம் இல்ல. நீ புடுச்சு இழுத்துட்டுப் போவியின்னு இருந்தன். கோடு ஏறிருச்சுன்னா நீ உட்ருவியேன்னு..."

அவர் பக்கத்தில் பாய்க்கட்டில் அவளும் உட்கார்ந்தாள். அவர் கை சில்லென்று இருந்தது, எப்போதும்போல. அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று, கோடு ஏறியபோது தான் அழுததைச் சொன்னாள், சந்தோஷத்தில்தான் அழுதேன், விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், எனக்கு அந்த ஆபரேஷன் கதவை நினைத்தாலே கை கால் ஓடவில்லை என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அவள் தப்பாகக் கூட்டிச் சொன்ன ஒரு கணக்கைக் கண்டுபிடித்தபோது பார்த்த அதே பார்வை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார், மூச்சு முட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் பயந்து முதுகைத் தடவிவிட்டாள்.

"அப்ப நம்மள்ல யாருதான் அம்மிணி தைரியமா இருக்கறது?"

அவள் முதுகிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"அந்த டாக்டர் இருக்கட்டுங்க. அதுக்குத்தான அவருக்குச் சம்பளம். நம்ம பயந்துக்கிட்டே போலாம்."

அவர், தானாக எழுந்திருக்கப் பார்க்காமல், முதல்முறையாக, எழுப்பிவிடச் சொல்லிக் கையை அவள் பக்கம் நீட்டினார்.